டியூ டேட் கூட்டாளிகள்

2024 ஜூலை 31, மாலை 7 மணியிலிருந்து 8 மணி வரை. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் நாடு முழுவதிலுமிருந்து 5.07 லட்சம் வருமான வரிக் கணக்குகள் வந்து சேர்ந்ததாக வருமான வரித் துறை அறிவித்தது. அன்று ஒரே நாளில் வந்தவை 69.92 லட்சம். அந்த ஆண்டு ஜூலை 31 வரை மொத்தம் 7.28 கோடி. துறை பெருமையோடு வெளியிட்ட எண்கள் இவை. பெருமைப்பட நியாயமும் இருக்கிறது.

ஆனால் அந்த 5.07 லட்சத்தில் கணிசமானவை யார் விரல் வழியாகப் போயின? தி.நகரிலும் கோவை ஆர்.எஸ்.புரத்திலும் சிவகாசியிலும் திருப்பூரிலும், குறுகலான மாடிப்படி ஏறினால் வரும் சின்னச் சின்ன ஆடிட்டர் அலுவலகங்கள். வாசலில் பத்து ஜோடிச் செருப்பு. உள்ளே ஆள் உயரத்துக்கு ஃபைல், ஃபிளாஸ்க்கில் டீ, ஒரு கைபேசியில் கிளையண்ட், இன்னொன்றில் வீடு. ஜூலை 31 இரவில் அந்த மாடிப்படியில் நின்று கேட்டால் கீபோர்டு சத்தத்துக்கு நடுவே குபீர் குபீரென்று சிரிப்புச் சத்தம் வரும்.

வரிக் கணக்கு எழுதுபவர் என்றதும் நம் சினிமா பழக்கிவைத்த உருவம் ஒன்று உண்டு. கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, கக்கத்தில் லெட்ஜர், “சார், கம்பெனி நஷ்டத்துல போகுது” என்று ஒரே ஒரு வசனம். சிரிக்கவே தெரியாத மனிதர். நிஜத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் போல் கூடிச் சிரிக்கிற கூட்டம் குறைவு. அந்தச் சிரிப்பை நான் பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை. ஊரார் வருமானமும் கடனும் குடும்பச் சண்டையும் தெரிந்திருந்தும் எதையும் வெளியே சொல்லக் கூடாத ஒரு கூட்டம், தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வழி அது.

1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தில், கிளையண்ட் பற்றித் தொழில் வழியாகத் தெரிந்துகொண்டதை அவர் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல் வெளியே சொல்வது தொழில் ஒழுங்கு மீறல். இதற்கு என்ன பொருள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிரிந்துபோன அண்ணன் தம்பிக்கு நடுவே எந்தக் கடை யாருக்கு என்பது ஆடிட்டருக்குத் தெரியும். மகனுக்கே தெரியாத அப்பாவின் கடன் தெரியும். ஊரே பணக்காரர் என்று நினைக்கிறவர் இந்த ஆண்டு வட்டி கட்ட நகையை வைத்தது தெரியும். வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தது தேதியைப் பற்றி, போர்ட்டலைப் பற்றி, சர்க்குலரைப் பற்றி, பொதுவாக ‘கிளையண்ட்’ என்ற பெயரில்லாத மனிதரைப் பற்றி. அதனால்தான் இவர்களுடைய நகைச்சுவை முழுக்க முழுக்க இந்த நான்கையே சுற்றுகிறது.

புரட்டாசியும் டாக்ஸ் ஆடிட்டும்

இவர்களுக்கென்று தனிப் பஞ்சாங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் பிறந்தால் 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1. 15-ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. இவற்றுக்கு மேலே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதி முன்கூட்டிய வரி. அதற்கும் மேலே ஜூலை 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, டிசம்பர் 31 என்று பெரிய விசேஷங்கள். ஒரு தேதி தப்பினால் அபராதம் கிளையண்டுக்கு, அவமானம் ஆடிட்டருக்கு.

இந்தக் கணக்கில் சொந்தக்காரர் கல்யாணங்கள் அடிபட்டுப் போகின்றன. ஆவணியில் முகூர்த்தம் அதிகம். டாக்ஸ் ஆடிட் வேலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகவே ரிசப்ஷனுக்கு ஆடிட்டர்கள் கூட்டமாக வந்து, மொய்க் கவரைக் கொடுத்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, எட்டரைக்கெல்லாம் ஆபீசுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆவணி முடிந்தால் புரட்டாசி. அந்த மாதம் முகூர்த்தமே கிடையாது. அதற்கு இவர்களிடம் ஒரு விளக்கம் உண்டு: “நம்ம பெரியவங்க டாக்ஸ் ஆடிட்டை மனசுல வச்சுத்தான் புரட்டாசியில கல்யாணம் வேண்டாம்னு வச்சுட்டாங்க.” ஆனால் அதே புரட்டாசி இன்னொரு பக்கம் கையைக் கடிக்கிறது. செப்டம்பர் 30 இரவு, விடிய விடிய வேலை செய்யும் பையன்களுக்கு வழக்கமாக வாங்கித் தரும் பிரியாணியைப் பல ஆபீஸ்களில் வாங்க முடியாது. லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வரும். “இந்த வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுத்து ஐப்பசியில கொண்டுபோய் வச்சா பிரியாணி உண்டு” என்று சி.ஏ. பயிற்சிக்கு வந்த எவனாவது ஒரு ஆர்ட்டிகிள் பையன் சொல்வான். மொத்த ஆபீசும் சிரிக்கும். இரண்டு நிமிடம் கழித்து எல்லோரும் திரும்பவும் திரையைப் பார்ப்பார்கள்.

எக்ஸ்டென்ஷன். இந்தத் தொழிலின் நகைச்சுவையில் பாதி இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். தேதி தள்ளிப்போகும் என்று நம்புகிறவர் ஒரு கட்சி, போகாது என்று தலைகீழாக நின்று வேலையை முடிக்கிறவர் இன்னொரு கட்சி. 2025-இல் இந்த இரண்டு கட்சிக்கும் தீனி கிடைத்தது. படிவங்கள் வெளிவரத் தாமதமானதால் ஜூலை 31 என்ற கெடு செப்டம்பர் 15-க்குப் போனது. செப்டம்பர் 15 நள்ளிரவை ஒட்டி, இன்னும் ஒரு நாள், அதாவது 16-ஆம் தேதி வரை, என்று அறிவிப்பு வந்தது. டாக்ஸ் ஆடிட் அறிக்கையின் கெடு செப்டம்பர் 30-லிருந்து அக்டோபர் 31 ஆனது. அப்புறம் நவம்பர் 10 ஆனது. நடுவில் தீபாவளியும் வந்து போனது. ஐப்பசி பிரியாணி ஆசைப்பட்ட பையன்களின் வாக்கு அந்த ஆண்டு பலித்தது.

அந்த நள்ளிரவு அறிவிப்பு வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று இந்தத் தொழிலைத் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். எல்லா வேலையையும் முடித்துக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தவர்கள் “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா” என்று சிரித்தார்கள். முடிக்காதவர்கள் “நான்தான் சொன்னேனே” என்று சிரித்தார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வடிவேலு முகத்தோடு மீம்கள் பறந்தன. ஒவ்வொரு ஆண்டும் இதே வாதம், இதே பந்தயம், தோற்றவர் செலவில் எல்லோருக்கும் டீ. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கெடுவைத் தள்ளுவதென்றால் வேலை செய்கிறவர்களின் தூக்கத்தைக் கருதி சில வாரம் முன்பே சொல்வது அரசுக்கு முடியாத காரியம் இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே தாங்குகிறார்கள் என்பதால் அந்தச் சுமை இல்லாமல் போய்விடாது.

2021-இல் அந்தச் சுமை எல்லை மீறியது. அந்த ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி புதிய வருமான வரிப் போர்ட்டல் திறக்கப்பட்டது. திறந்த மறுநாளே புகார்கள் குவிந்து, நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் தாமே ட்விட்டரில் அதை உருவாக்கிய நிறுவனத்திடம் குறைகளைச் சரிசெய்யக் கேட்டார். ஆகஸ்டில் போர்ட்டல் இரண்டு நாள் படுத்தேவிட்டது. கடைசியில் அந்த ஆண்டின் தனிநபர் கெடு டிசம்பர் 31 வரை இழுத்தது. அந்த ஆறு மாதத்தில்தான் ‘சுத்துது’ என்ற சொல் ஆடிட்டர் ஆபீஸ்களில் தனிப் பொருள் பெற்றது. “என்னப்பா ஆச்சு?” “சுத்துது சார்.” இதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. காரியம் நடக்காத எந்த இடத்துக்கும் அந்தச் சொல் பரவிவிட்டது: பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவில்லையா? சுத்துது.

பேர் சொல்லாத கிளையண்ட்

ஒவ்வொரு ஆபீசிலும் ஒரே கிளையண்ட்தான் இருக்கிறார் என்று தோன்றும், அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால். ஃபார்ம் 16-ஐ ஃபேன் காற்றில் ஆட விட்டுப் படமெடுத்து அனுப்புகிறவர் அவர்தான். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் பாஸ்புக்கின் அட்டையை மட்டும் அனுப்புகிறவரும் அவரே. ஜூலை 31 இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டு “சார், ஒரு சின்ன விஷயம், ஷேர் மார்க்கெட்டுல கொஞ்சம் வாங்கி வித்தேன்” என்பார். அந்தக் ‘கொஞ்சம்’ 1,400 வரியுள்ள எக்செல் தாளாக வந்து விழும். ஃபீஸ் என்றதும் “எனக்கு ஜீரோ ரிட்டர்ன்தானே சார்” என்பார்.

ஓ.டி.பி. வந்த பிறகு இந்த மனிதரைப் பற்றிய கதைகள் பெருகிவிட்டன. கணக்கைச் சமர்ப்பித்த பின் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்ய வேண்டும். அது கிளையண்டின் கைபேசிக்குப் போகும். 15 நிமிடம்தான் செல்லும். அந்த 15 நிமிடத்தில்தான் அவர் திருப்பதியில் கைபேசியைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு தரிசன வரிசையில் நிற்பார். “ஏழுமலையான் பார்த்து ஓ.டி.பி. சொன்னாத்தான் உண்டு” என்பது ஆடிட்டர் ஆபீஸ்களில் எப்போதும் எடுபடுகிற வசனம். இல்லையென்றால் மருமகள் கையில் கைபேசி இருக்கும். ஆறு எண்ணையும் நிதானமாக, இரண்டு முறை, தலைகீழாகச் சொல்வார்.

கவனித்துப் பார்த்தால் இந்தக் கதைகளில் ஒரு நாகரிகம் இருக்கிறது. பெயர் வராது. ஊர் வராது. எவ்வளவு வருமானம் என்ற எண் வரவே வராது. யாருடைய அறியாமையும் அவரை அடையாளம் காட்டும் அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. பல ஆபீஸ்களில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் பாடமே இதுதான். டெபிட், கிரெடிட் எல்லாம் அப்புறம்.

தேர்வை வைத்தும் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். சி.ஏ. என்றால் ‘கம் அகெய்ன்’ என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பழைய ஜோக். ஒவ்வொரு முறையும் ஒரு சில மதிப்பெண்ணில் திரும்பி வந்தவர்கள் நிறைந்த ஆபீசில், ஐந்தாவது முறை தேர்ச்சி பெற்ற சீனியரே அந்த ஜோக்கைச் சொல்லி, நேற்று தோற்ற பையனின் தட்டில் இன்னொரு வடையை வைப்பார். அந்த வடை எந்த அறிவுரையையும் விடப் பெரிது என்று நினைக்கிறேன்.

போட்டியாளருக்கு ஒரு கடிதம்

மற்ற தொழில்களில் ஒரு வாடிக்கையாளர் கைமாறினால் பகை மூளும். இங்கே சட்டமே வேறு வழியில் இழுக்கிறது. இன்னொருவர் பார்த்துவந்த தணிக்கையை ஏற்கும்முன், பழைய ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் ஏற்றால் ஒழுங்கு நடவடிக்கை வரும். ஆக, யாரிடமிருந்து கிளையண்ட் வருகிறாரோ அவருக்கே கடிதம் போட்டாக வேண்டும். தொலைபேசியிலும் பேசுவார்கள். “ஃபீஸ் பாக்கி இருக்கா?” “ரெண்டு வருஷமா இருக்கு. உங்களுக்கும் வைப்பார், ஜாக்கிரதை.” இந்த உரையாடலில் தொடங்கி இருபது ஆண்டு சிநேகிதமானவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. விளம்பரம் கொடுத்து ஆள் பிடிக்கக் கூடாது என்பதும் பழைய கட்டுப்பாடு. ஒருவரை ஒருவர் மட்டம்தட்டிச் சம்பாதிக்கும் வாசல் பெரும்பாலும் சாத்தியிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே தேதி என்பது அடுத்த காரணம். இரவு பதினொரு மணிக்கு ஒரு படிவம் ‘வேலிடேஷன் எரர்’ காட்டினால் யாரைக் கேட்பது? அந்த நேரத்தில் விழித்திருப்பதும், அந்த எரரைப் பார்த்திருக்கக்கூடியதும் எதிர்த் தெரு ஆடிட்டர்தான். அவர் எடுப்பார். எடுத்து, “அந்தக் கட்டத்துல ஜீரோ போடாதீங்க, காலியா விடுங்க, போகும்” என்பார். இந்த ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றிரவு அது நூறு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய், முகம் தெரியாத ஓர் ஊர்க்காரரின் வேலையை முடித்துவைக்கும்.

இந்தத் தோழமை சி.ஏ. படித்தவர்களோடு நின்றுவிடுவதும் இல்லை. நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரிச் சட்டம் 1939-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு கொண்டுவந்தது. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட வந்த வரி அது. அதிலிருந்துதான் நம் ஊர்களில் ‘சேல்ஸ் டாக்ஸ் கணக்குப்பிள்ளை’ என்ற இனம் முளைத்தது. மளிகைக் கடை, இரும்புக் கடை, நூல் கடை என்று மதிய வெயிலில் சைக்கிளில் போய்க் கணக்கு எழுதியவர்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் இன்று ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர்கள். டாலியில் பதிவு போடும் பெண்கள் இல்லையென்றால் ஈரோட்டிலோ கரூரிலோ 20-ஆம் தேதி எந்தக் கணக்கும் போகாது. பெரிய ஆடிட்டரின் சிரிப்பை எழுதுகிறவர்கள் இவர்களை விட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

பழைய நாட்களை நினைத்தால் சிரிப்புக்கு இடமும் இருந்தது. சென்னை நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் 121-ஆம் எண் வருமான வரித் துறையின் ஆயகர் பவன். 122-ஆம் எண் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கட்டடம். வரி வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் பக்கத்துப் பக்கத்துக் கதவு. அதிகாரி அழைக்கும்வரை தாழ்வாரத்தில் காத்திருந்த ஆடிட்டர்கள் அங்கேதான் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். ஒருவர் ஃபைலை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். 2020-இல் முகம் பாராத மதிப்பீட்டு முறை வந்தது. இடைத்தரகு வேலைகளுக்கு இடமில்லாமல் போனது நல்லது. ஆனால் அந்தத் தாழ்வாரமும் போய்விட்டது.

அதற்கு முன்பு இன்னொன்று இருந்தது. கணினியில் கணக்கைப் போட்டுவிட்டு, ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கி பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கூரியர் கூடாது, சாதாரணத் தபால் அல்லது ஸ்பீடு போஸ்ட். ‘தபால் பை எண் 1, எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு 560100.’ நாற்பது வயதைத் தாண்டிய ஆடிட்டர் யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், சொந்த வீட்டு பின்கோடுக்கு முன்னால் இது வரும். மடித்தால் பார்கோடு கெட்டுவிடும் என்று பயந்து, பெரிய கவரில் போட்டு, ஜி.பி.ஓ. வரிசையில் நின்ற ஆர்ட்டிகிள்களுக்கு அந்த வரிசைதான் கல்லூரித் தோழமை.

இதயம் தளவாடம் ஆகுமா?

ஆடிட்டர்கள் ஓய்வாக உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் தீர்ப்புகளுக்குப் போய்விடும். 20-ஆம் தேதி இரவு 3பி முடித்துவிட்டு நைட் ஹோட்டலில் நாலைந்து பேர் உட்காரும்போது இந்தக் கதைகள் அரங்கேறும். அவற்றில் மகுடம் சாந்தி பூஷண் வழக்கு. முன்னாள் சட்ட அமைச்சர், நாட்டின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவர். அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆன செலவு 1.74 லட்சம் ரூபாய். 1983-84 மதிப்பீட்டு ஆண்டில் அதைத் தொழில் செலவாகக் கழிக்கக் கேட்டார். இதயம் என்பது தன் தொழிலுக்கான ‘பிளாண்ட்’, அதாவது தளவாடம். அறுவை சிகிச்சை அதற்கான பழுதுபார்ப்பு. சிகிச்சைக்குப் பிறகு தன் வருமானம் கூடியதையும் ஆதாரமாகக் காட்டினார். வழக்கு ஊர்ந்து ஊர்ந்து 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. தளவாடம் என்றால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டியிருக்க வேண்டுமே, வாங்கிய விலை தெரிய வேண்டுமே என்று கேட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதைச் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர், “குதிரை தளவாடம்னு 1887-லேயே இங்கிலாந்துல சொல்லிட்டாங்க” என்பார். உண்மைதான். வண்டி ஓட்டும் தொழிலாளி ஒருவரைக் குதிரை உதைத்த நஷ்டஈட்டு வழக்கு அது. உடனே இன்னொருவர், “1971-ல தாஜ்மஹால் ஹோட்டல் கேஸ்ல பாத்ரூம் ஃபிட்டிங்ஸும் தளவாடம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு” என்று சேர்ப்பார். குதிரை உண்டு, குழாய் உண்டு, இதயத்துக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு மேசையில் இருப்பவர்களில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால் அவரைப் பார்த்து “டிப்ரிசியேஷன் கிளெய்ம் பண்ணினீங்களா?” என்று கேட்பார்கள். அவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய வழக்கும் ஒன்று இருக்கிறது. சின்னப் பாக்கெட்டில் வரும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? சமையல் எண்ணெய் என்றால் குறைந்த வரி, கேச எண்ணெய் என்றால் அதிக வரி. சேலம் மத்திய கலால் ஆணையர் பெயரில் பதிவான இந்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, சின்ன பாக்கெட் என்பதாலேயே அது கேச எண்ணெய் ஆகிவிடாது என்று தீர்த்துவைத்தது. தலைக்குத் தேய்த்துக்கொண்டே அதே பாட்டிலைத் தாளிக்கவும் எடுக்கும் நம் வீடுகளில் இதற்கு என்றைக்கும் சண்டை வந்ததில்லை.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு சாப்பாட்டு மேசையே பாடப் புத்தகம் ஆகிவிட்டது. பாக்கெட் பரோட்டாவை ரொட்டியாகக் கருத முடியாது, 18 சதவீதம் என்று 2020-இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு வரியே இல்லை. 2024 செப்டம்பரில் கோவையில் நிதி அமைச்சர் முன்னால் ஒரு ஹோட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், கஸ்டமர் கிரீமைத் தனியாகக் கொடு நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொன்னதை ஊரே கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பாப்கார்னுக்கு விளக்கம் தந்தது: உப்புப் போட்டு உதிரியாக விற்றால் 5, பாக்கெட் போட்டால் 12, கேரமல் சேர்த்தால் 18. அந்த வாரம் தியேட்டருக்குப் போன ஆடிட்டர் குடும்பங்களில் யாரும் நிம்மதியாகப் பாப்கார்ன் தின்றிருக்க மாட்டார்கள். கொறிக்கும்போதே பக்கத்திலிருந்து வகுப்பு ஆரம்பித்திருக்கும்.

பில் வந்ததும் அடுத்த காட்சி. நாலு ஆடிட்டர்களும் கூட்டலைச் சரிபார்ப்பார்கள். 5 சதவீதம் சரியாகப் போட்டிருக்கிறதா, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா? “இன்புட் கிடையாது, வுடுங்க” என்று மூத்தவர் பில்லைப் பிடுங்கிக் கட்டிவிடுவார். உணவகங்களுக்கு 2017 நவம்பரிலிருந்தே உள்ளீட்டு வரி வரவு இல்லாத 5 சதவீதம்தான். அந்தப் பில்லால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் பார்ப்பார்கள்.

மார்கழியில் இந்த மேசை சபா கேன்டீனுக்கு மாறும். டிசம்பர் 31 ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்குக்கும் தாமதமான வருமான வரிக் கணக்குக்கும் கெடு. கச்சேரியோ அதே பத்து நாள்தான் களைகட்டும். 2015-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சஞ்சய் சுப்ரமண்யன் பட்டயக் கணக்காளராகத் தேறியவர். “நம்மாளு” என்று அவர் கச்சேரிக்கு லேப்டாப் பையோடு வந்து உட்காரும் ஆடிட்டர்களைப் பார்த்திருக்கிறேன். ராகம் முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது வெளியே போய்க் கிளையண்டுக்கு ஓ.டி.பி. கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

கடைசி ரயில்

சிரிப்பு யார் செலவில் நடக்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஆர்ட்டிகிள்ஷிப் என்பது முன்பு மூன்று ஆண்டு, 2023 ஜூலையிலிருந்து சேர்பவர்களுக்கு இரண்டு ஆண்டு. கையில் வரும் ஸ்டைபெண்ட் பெருநகரத்தில் அறை வாடகைக்கே போதாது. அந்தப் பிள்ளைகளை நைட் முழுக்க உட்காரவைத்து, தூங்கி விழுந்தவனை வீடியோ எடுத்துக் குழுவில் போடுவது நகைச்சுவை கிடையாது. 2024-இல் புனேயில் 26 வயது இளம் பெண் பட்டயக் கணக்காளர் ஒருவர் வேலையில் சேர்ந்து சில மாதங்களில் இறந்துபோனார். வேலைச் சுமை பற்றி அவருடைய தாய் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் நாடு முழுவதும் வாசிக்கப்பட்டது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு, “நாங்கல்லாம் அந்தக் காலத்துல மூணு நாள் தூங்காம வேலை பார்த்தோம்” என்ற சீனியரின் பெருமைப் பேச்சு என் காதில் சிரிப்பாக விழுவதில்லை.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கு. வேலை முடிந்தபின் நடக்கும் கூடல்கள் நெடுங்காலம் ஆண்களுக்கே உரியவையாக இருந்தன. கிளப், நைட் ஹோட்டல், கார் பார்க்கிங்கில் நின்றபடி ஒரு மணி நேரப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் தொழில் ரகசியமும் வாய்ப்பும் கைமாறும்; அதே நேரத்தில் பெண்கள் தாம்பரம் போகும் கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் இந்தத் தொழிலின் முதல் பெண் நம்மூர்க்காரர். ஆர்.சிவபோகம், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெற முடியாது என்ற தடையை எதிர்த்து வழக்காடி வென்று, 1933-இல் நாட்டின் முதல் பெண் கணக்காளர் ஆனார். 1950-களில் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமையும் வகித்தார். அவர் திறந்த கதவு வழியாக வந்த பெண்களுக்கு வீடு போகும் வண்டியை ஏற்பாடு செய்யாத ஆபீஸ் எதுவும் தோழமை பற்றிப் பேசக் கூடாது. செப்டம்பர் இரவுகளில் காரில் ஒவ்வொரு பெண்ணையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “போய்ச் சேர்ந்தாச்சு சார்” என்ற மெசேஜ் எல்லோரிடமிருந்தும் வந்த பிறகே தூங்கப் போகும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆபீசில்தான் மறுநாள் பெண்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

சென்னையில் இன்னொரு கூட்டமும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை அமெரிக்கர்களின் வரிக் கணக்கைத் தயாரிக்கும் அலுவலகங்கள். அவர்களுக்குச் சொந்த ஊர்ச் சட்டத்தோடு கடல் கடந்த சட்டமும் மனப்பாடம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் பாம்பையும் எலியையும் விரட்டக் காட்டுப் பூனைகளுக்குப் போட்ட தீனியை அமெரிக்க வரித் துறை தொழில் செலவாக ஒப்புக்கொண்ட 2001-ஆம் ஆண்டு வழக்கு அவர்கள் கேன்டீனில் பிரசித்தம். மதுரைக் கடைத்தெருவில் எத்தனை பூனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஜூலை 1 வந்தால் சி.ஏ. தினம், 1949-இல் கழகம் பிறந்த நாள். 2017-இல் அதே தேதியில் ஜி.எஸ்.டி. பிறந்தது. கொடியேற்றம், ரத்த தானம், நடைப்பயணம், கிளைகளுக்கிடையே கிரிக்கெட் எல்லாம் நடக்கும். ஆட்டத்தில் ஒருவர் ரன் அவுட் ஆனால் “அப்பீல் போங்க, டிரிப்யூனல்ல ஜெயிக்கலாம்” என்று பவிலியனிலிருந்து குரல் வரும். ஜெயித்த அணிக்கு அன்று மாலை விருந்து. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 பக்கத்தில் நிற்பதால் பத்து மணிக்குள் கலைந்துவிடுவார்கள்.

இப்போது இவர்கள் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்திருக்கிறது ஒரு சட்டம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். 536 பிரிவுகள். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ இரண்டும் போய் ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே ஒன்று. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள பெரியவரும் நேற்றுச் சேர்ந்த பெண்ணும் எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. பழைய வருமானத்தின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே தொடர்வதால் மேசையில் இரண்டு புத்தகமும் இருக்க வேண்டும். பெரியவருக்கு விரல் நுனியில் இருந்ததெல்லாம் பழைய எண்கள். புதியது சீக்கிரம் ஏறுவது சின்னவர்களுக்கு.

மாலை ஐந்து மணி டீ நேரத்தில் அதுவே ஆட்டமாகிவிட்டது. நடுவில் தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி. ஒருவர் பழைய எண்ணைச் சொல்ல, எதிரில் இருப்பவர் புதியதைச் சொல்ல வேண்டும். “80சி?” “123.” “44ஏபி?” “63.” “194 வரிசை மொத்தமும்?” “393.” தடுமாறுகிறவர் பஜ்ஜிக்குக் காசு கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சீனியர்தான் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, “இந்தப் பஜ்ஜி பெட்டி கேஷா, ஸ்டாஃப் வெல்ஃபேரா?” என்று கேட்கிறார். அதற்குச் சின்னவள், “உங்க டிராயிங்ஸ் சார்” என்கிறாள்.